நேற்றைய மழை மட்டும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. அதன் வாய் 200 சதுர சென்டிமீட்டர், உள்ளே நான்கு லிட்டர் பிடிக்கும் பாட்டில். கணக்கு எளிது. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 200 மில்லி தண்ணீர் சேரும், 20 சென்டிமீட்டர் பெய்தால் பாட்டில் நிறைந்துவிடும். தினமும் காலை 8.30 மணிக்கு அதை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுவேன். இந்திய வானிலைத் துறையின் நேரமும் அதுதான். நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்ததெல்லாம் இன்றைய தேதியில் ஏறும். 2015 வெள்ளத்தைச் சென்னைக்காரர்கள் டிசம்பர் 1 என்றுதான் சொல்வார்கள். என் நோட்டில் அது டிசம்பர் 2.

அந்தத் தேதிக்கு நேரே '40+' என்று எழுதியிருக்கிறேன். நாங்கள் இருப்பது முடிச்சூரில். மாலைக்குள் ஒரு முறை பாட்டில் நிறைந்து கொட்டினேன். இரவில் இன்னொரு முறை. அதற்குப் பிறகு அடையாற்றுத் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களெல்லாம் இருட்டில் எங்கள் மாடிக்கு ஏறின. யாருடைய காலோ பட்டு மழைமானி சாய்ந்திருந்ததை விடிந்த பிறகுதான் பார்த்தேன். தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று அரசுப் பதிவு வந்தது. என்னிடம் இருப்பது ஒரு கூட்டல் குறிதான். நான் தொழிலால் கணக்கர். எங்கள் தொழிலில் தொகைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு நிறுத்தினால் வேலை போய்விடும்.

அதுவரை நான் அளப்பவன் மட்டும்தான். 2005 அக்டோபர் மழையில் ஆரம்பித்த பழக்கம். மழையைப் பற்றி யாராவது மிகைப்படுத்திப் பேசினால் நோட்டைப் புரட்டி மடக்குவதில் ஓர் அற்ப சந்தோஷம், அவ்வளவே. 2015-க்குப் பிறகு அது போதவில்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பிள்ளைகளின் சான்றிதழ்களையாவது மேலே எடுத்து வைத்திருக்கலாமே என்ற எண்ணம் தூங்கவிடவில்லை. பயத்தில்தான் கணிக்க ஆரம்பித்தேன். ஆர்வம் பிறகுதான் வந்தது.

இந்த ஆசை குடும்பத்தில் புதிதும் அல்ல. தாத்தா உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப்பாசன விவசாயி. மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் பதினான்கு நாளும் கர்ப்போட்டம் பார்ப்பார். எந்த நாள் மேகம் கருக்கட்டி நின்றது, காற்று எந்தப் பக்கம், மூடுபனி உண்டா என்று கவனித்து, அந்த நாளிலிருந்து ஆறரை மாதம் கழித்து மழை என்பார். 195 நாள் என்பது வராகமிகிரர் எழுதிவைத்த கணக்கு. ஆறரை மாதம் கழித்து அவர் சொன்னது பலித்ததா என்று சரிபார்க்க ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. கொடுத்துவைத்தவர்.

என் கர்ப்போட்டம் இரவில் நடந்தது. மாலை 5.30 மணி நிலவரத்தை வைத்து அமெரிக்கக் கணினி மாதிரி போடும் கணக்கு, நம் நேரப்படி இரவு ஒன்பதுக்கு மேல் படம் படமாக வர ஆரம்பிக்கும். ஐரோப்பிய மாதிரி வந்து சேர நள்ளிரவாகும். இரண்டும் ஒத்துப்போனால் தூங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அவை ஒத்துப்போன இரவுகள் குறைவு.

இதில் கைதேற மூன்று வருடம் ஆயிற்று. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறையே நானும் செய்தேன். மாதிரி காட்டும் மழை வண்ணத்தைப் பார்த்து அதையே சொன்னேன். சிவப்பாக இருந்தால் பெருமழை, பச்சையாக இருந்தால் தூறல். அந்த வண்ணத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது காற்று. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் கீழைக்காற்றும் வாடையும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஈரம் இருக்கிறதா, இல்லை வடமேற்கிலிருந்து வறண்ட காற்று நுழைந்துவிட்டதா, இவைதான் கேள்விகள். எல்லாம் கூடிவந்து தாழ்வு மண்டலம் ஒன்று கரையை நோக்கி வருகிறது என்றால் அடுத்த கேள்வி, அது எனக்குத் தெற்கே கரை ஏறுமா, வடக்கே ஏறுமா. சுழற்சிக்கு வடக்குப் பக்கம் இருப்பவனுக்குக் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும். தெற்குப் பக்கம் இருப்பவனுக்கு நிலத்திலிருந்து காற்று வீசும், வானம் வெளுத்துவிடும். வங்கக்கடலில் ஐந்து நாள் முன்னால் கோடு போடுகிறவனுக்கு ஐம்பது கிலோமீட்டர் தூசு. முடிச்சூரில் இருப்பவனுக்கு வீட்டுக்குள் தண்ணீரா, துணி காயப்போடலாமா என்பது அந்த ஐம்பதில்தான் இருக்கிறது.

கடைசி ஆறு மணி நேரத்தில் மாதிரிகளை மூடிவைத்துவிட்டு ராடாருக்கு வர வேண்டும். சென்னைத் துறைமுகக் கட்டிடத்தின் உச்சியில் 2002-இல் நிறுவிய டாப்ளர் ராடாரின் படத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்பேன். பருவமழைக் காலத்தில் இரவு ஏற ஏற நிலத்திலிருந்து குளிர்ந்த காற்று கடலை நோக்கிக் கசியும். கடலிலிருந்து வரும் கீழைக்காற்று அதில் மோதும். கரையை ஒட்டி மேகம் வரிசை கட்டும். எனவேதான் இந்தக் கரையில் பருவமழை பின்னிரவிலும் விடியலிலும் பிடித்துக்கொள்கிறது. மூன்று மணிக்கு எழுந்து மாடியில் நின்று, முகத்தில் கொண்டல் படும்போது, திரையில் கடலுக்குள் தெரிந்த மேகம் தலைக்கு மேல் வந்து முதல் சொட்டு விழும். சொன்னபடி விழுந்த அந்தச் சொட்டுக்கு ஈடான போதை நான் அறிந்ததில்லை. இன்றும் அது இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் தொலைக்காட்சியில் வந்தாலே பள்ளிக்கு விடுமுறை என்று பிள்ளைகள் துள்ளிய காலம் நினைவிருக்கும். அவர் 2016-இல் ஓய்வு பெற்றார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அடுத்த ரமணன் நான்தான் ஆனேன். பிறகு பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "சார், பதினஞ்சாம் தேதி கிரகப்பிரவேசம், ஷாமியானா போதுமா, தகரப்பந்தல் போடணுமா?" "சார், மாடி ஓட்டு வேலையை நாளைக்கு ஆரம்பிக்கலாமா?" நோட்டின் இடப்பக்கத்தில் நான் சொன்னதும் வலப்பக்கத்தில் பெய்ததும் இருக்கும். மூன்று நாளுக்குள் என்றால் பரவாயில்லை என்று தேறும். ஐந்து நாளைத் தாண்டினால் தாத்தாவின் பூராடமே மேல்.

மணிமங்கலத்துக்கு அப்பால் செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவர் இப்படித்தான் பழக்கமானார். பச்சைக்கல் அறுத்து வெயிலில் காயவைப்பவருக்கு மழைதான் முதல் எதிரி. ஒரு ஆனி மாதம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒன்றும் இல்லை என்றேன். ஆனி, ஆடியில் வருவது வெப்பச் சலன மழை. மதியம் மேற்கே வேலூர்ப் பக்கம் திரண்டு கிழக்கே நகர்ந்துவரும் இடிமேகம் எந்த ஊரின் மேல் உடையும் என்று அன்று மாலை நான்கு மணிக்குக்கூட அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், கேட்டவர் முகத்துக்கு நேரே 'சொல்ல முடியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை முக்கால் மணி நேரம் அடித்தது. பதினைந்தாயிரம் கல் சேறாகிவிட்டது. திங்கட்கிழமை அவரே வந்தார். திட்டவில்லை. "மழை நாம சொன்னா கேக்குமா சார்? தார்ப்பாய் இருந்துச்சு, போடாம விட்டது என் தப்பு" என்றார். அவர் தார்ப்பாய் போடாததற்குக் காரணம் யார் என்று இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் மாறினேன். தார்ப்பாய் போடச் சொல்வதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன். இரண்டு மாதிரிகளில் எது அதிக மழை காட்டுகிறதோ அதைச் சொன்னேன். பொய்த்தால் நஷ்டமில்லை, பெய்தால் நான் சொன்னது சரி. ஜாக்கிரதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஆனாலும் 2021 டிசம்பர் 30 அன்று சறுக்கினேன். பருவமழை ஓய்கிற நேரம்தானே என்று மயிலாப்பூரில் இருந்த அலுவலகத்துக்குக் குடைகூட எடுக்காமல் போயிருந்தேன். மேலடுக்குச் சுழற்சி எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே கரையை ஒட்டி வந்துவிட்டது. மயிலாப்பூர், எம்.ஆர்.சி. நகர் வட்டாரத்தில் சில மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்று அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்து அலுவலகத்தில் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓயவில்லை. அவமானம்தான், ஆனால் அதற்காக யாரும் ஒரு பொழுதுபோக்கை விட்டுவிட மாட்டார்கள்.

விட்டதற்குக் காரணம் 2024 அக்டோபர். வடதமிழகக் கரையை நோக்கி ஒரு தாழ்வு மண்டலம். சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் சிவப்பு எச்சரிக்கையில். 14-ஆம் தேதியே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். 15-ஆம் தேதி வடசென்னைப் பக்கம் நன்றாகவே கொட்டியது. மறுநாள்தான் நமக்கு என்று தெருவில் வீடு வீடாகச் சொன்னேன். எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் ஊர். அதற்கு முந்தைய டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது அவருடைய தம்பியின் கடை முழுகிப்போனது. என் சொல்லுக்கு அவரைப்போல யார் மதிப்புக் கொடுப்பார்கள்? கூலிக்கு ஆள் பிடித்து நாற்பது மூட்டை அரிசியை மாடிக்கு ஏற்றினார்.

16-ஆம் தேதி இரவு மாடியில் நின்றேன். ராடாரில் மேகம் வடக்கே நழுவிக்கொண்டிருந்தது. காற்று மேற்கிலிருந்து வீச ஆரம்பித்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். சுழற்சி எங்களுக்கு வடக்கே போகிறது, மழை ஆந்திரக் கரைக்கு. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பித்தேன். 'இந்தப் பக்கம் திரும்பு, திரும்பு' என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. என் மனைவி மேலே வந்து, "வரலைன்னா நல்லதுதானே, எதுக்கு இப்படி நிக்கறீங்க?" என்றாள். பதில் சொல்லவில்லை. கீழே எங்கள் கூடத்துச் சுவரில், எத்தனை முறை வெள்ளையடித்தும் போகாத 2015-இன் தண்ணீர்க்கோடு இடுப்பளவில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பயந்து மழையைக் கணிக்கப் போனவன், அந்த மழையையே வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

17-ஆம் தேதி அதிகாலை அது சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. விடிந்தபோது வெயில். தலையைக் குனிந்துகொண்டு கடைப் பக்கம் போனேன். மாடியேற்றக் கூலி, இறக்கக் கூலி எல்லாம் சேர்த்து அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நல்லவேள சார், தப்பிச்சோம்லா!" என்று ஒரு கடலைமிட்டாய் எடுத்துக் கையில் வைத்தார். தெருவே அப்படித்தான் இருந்தது. மழை வராததில் வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

இது எனக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்கவில்லை. வானிலை பார்க்கும் நண்பர்கள் ஒரு புயல் வலுவிழந்தால் 'ஏமாற்றிவிட்டது' என்பார்கள். புயல் யாரை ஏமாற்றியது? அந்தச் சொல்லை நானும் நூறு முறை சொல்லியிருக்கிறேன். சம்பளத்துக்குக் கணிப்பவருக்கு ஒரு முறை இருக்கிறது. எச்சரிக்கை பொய்த்தாலும் கோப்பில் காரணம் எழுதி வைத்துவிட்டு அடுத்த அறிக்கைக்குப் போய்விடுவார். எங்களைப் போன்றவர்களுக்கு மதிப்பு ஒன்றே கூலி. அது மழையோடு கட்டப்பட்டிருக்கிறது. பெய்தால்தான் கூலி.

அந்த வாரமே தெருவில் சொல்லிவிட்டேன், இனிமேல் என்னைக் கேட்காதீர்கள் என்று. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அந்த இரவு ராடாரைப் பார்க்காமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன். 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி அங்கேயே அசையாமல் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குப் பெய்தது. அடுத்த நாள் யாரும் நினைக்காத தூரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பார்த்தேனே தவிர, ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததால் அது எங்கே போக வேண்டும் என்ற ஆசையும் எனக்குள் எழவில்லை. அதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

மழைமானியை எடுத்துவிடவில்லை. நோட்டின் இடப்பக்கம் இப்போது காலி. பாட்டிலைப் பத்து லிட்டருக்கு மாற்றியிருக்கிறேன், 50 செ.மீ. வரை தாங்கும். பீடத்தைச் சிமெண்ட் போட்டு இறுக்கியாயிற்று, யார் கால் பட்டாலும் சாயாது.

நாளைக்கு மழை வருமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள் என்கிறேன். நேற்று எவ்வளவு என்று கேட்டால் சொல்வேன். 11.4 மில்லிமீட்டர்.