காற்றுக்குள்ளே தண்ணீர்

எங்கள் ஓட்டலில் பாத்திரம் கழுவும் தம்பி சின் இனத்தவன். ஊர் தந்தலாங். இங்கே இண்டியானாபோலிஸில் சின் மக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், என்னைப் போன்ற பர்மாத் தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் எங்கள் சமையலறையில் ஓடுவது பர்மிய பாஷைதான். அவன் என்னைக் கூப்பிடுவது "கோஜீ" என்று. அண்ணன் என்று அர்த்தம்.

இந்தத் தம்பி ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் ஒரு ஏர்கன் வாங்கினான். அதற்குக் காற்று அடைக்கத் தனி யந்திரம் வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதையும் வாங்கினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் இங்கிலீஷ் கையேடுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"கோஜீ, நீங்கதானே பிஸிக்ஸ் படிச்சவங்க..."

நான் படித்த பிஸிக்ஸைப் பற்றி முன்பே புலம்பியிருக்கிறேன். 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு பர்மாவில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். திறந்தது 2000ல். எங்கள் ஊர் தன்லியின் பக்கம் தார்வாவில் இருந்த கிழக்கு யாங்கூன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் முடிவதற்குள் வீட்டு நிலைமை என்னை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே ஓட்டல், இங்கேயும் ஓட்டல். ஆனால் பாயில் விதி மறக்கவில்லை. அதற்கு இத்தனை வருடம் கழித்து ஒரு வேலை வந்தது.

இந்த யந்திரத்தைப் பற்றித் தமிழில் யாரும் விளக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன். துப்பாக்கி பிடிக்காதவர்களும் படிக்கலாம். எனக்கும் பிடிக்காது.

திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கியை மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், அதுதான் ரவையைத் தள்ளும். இப்போது வருபவை வேறு மாதிரி. துப்பாக்கியிலேயே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும், அதில் முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்க வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார் அழுத்தம். இந்தச் சிலிண்டரில் 200, 250, சிலவற்றில் 300 பார். 250 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது சுண்டுவிரல் நகமளவு இடத்தில், சுமார் 250 கிலோ பாரம். ஐந்து மூட்டை அரிசியை நகத்தின் மேல் அடுக்கி வைத்த கணக்கு. டயர் கடைக் கம்ப்ரஸரால் இது முடியாது. ஒரு பெரிய பிஸ்டன் காற்றை முதலில் ஓரளவு அழுத்தும், அதை வாங்கிக்கொண்டு ஒரு சின்ன பிஸ்டன் மேலும் அழுத்தும். இப்படி இரண்டு கட்டமாகத்தான் அந்த அழுத்தம் வரும்.

தம்பி வாங்கியது கையில் தூக்கிப் போகும் பெட்டி. 12 வோல்ட். முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது, காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் ஃபியூஸ் போய்விடும். பேட்டரியிலேயே நேராகக் கிளிப்பை மாட்ட வேண்டும், சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி இறங்காது. ஆனால் கார்ப் புகை வரும் பக்கம் பெட்டியை வைக்கக்கூடாது, அந்தப் புகையைத்தான் அது உறிஞ்சும். வீட்டுக் கரண்டில் ஓட்ட அதற்கென்று வந்த அடாப்டர் போதும். சமமான தரை, காற்றோட்டம், ஃபேனை எதுவும் மறைக்காமல் இருப்பது, இவ்வளவுதான் இடத்துக்கு.

முதல் ஓட்டம் வெறும் ஓட்டம். பிளீட் திருகைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு ஹோஸை முறுக்கு இல்லாமல் மாட்டுங்கள். துப்பாக்கியில் ரவை இருக்கக்கூடாது, குழல் யார் பக்கமும் பார்க்கக்கூடாது. துப்பாக்கியில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தம் எவ்வளவோ அதற்குக் கொஞ்சம் கீழே தானாக நிற்கும்படி யந்திரத்தில் எண்ணை வையுங்கள். தானாக நிற்கும் என்று நம்பிவிட்டு டீ போடப் போகக்கூடாது. கேஜில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் கசிவு.

அடைத்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து பிளீட் திருகைத் திறக்க வேண்டும். 'புஸ்'ஸென்று ஹோஸில் நின்ற காற்று போகும். கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் இணைப்பைக் கழற்ற வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

தன்லியினில் எங்கள் அப்பா டயர் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஊரின் பழைய பெயர் சிரியம். வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த ஊர். அந்த வேலைக்கும் வயல் வேலைக்கும் வந்த கூலிகளில் ஒருவர் எங்கள் தாத்தா. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோதும் போகவில்லை, 1964ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கில் நம் ஜனங்கள் கப்பலேறியபோதும் போகவில்லை. 1993ல் பகோ ஆற்றின் மேல் பாலம் திறந்த பிறகு லாரிகள் வர ஆரம்பித்தன. அப்பாவின் கடைக்கும் ஒரு கம்ப்ரஸர் வந்தது. நூற்றிருபது பவுண்டு காற்று, அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்ரஸர் டாங்கியின் அடியில் ஒரு திருகு. தினமும் கடை மூடுமுன் அப்பா அதைத் திறப்பார். துருவேறிய தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஆடி மாத மழையில் அரை லிட்டர் பாட்டில் நிறைந்துவிடும். சின்ன வயதில் எனக்கு ஆச்சரியம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லையே?

"நாம உறிஞ்சிற காத்துலயே தண்ணி இருக்குடா. நசுக்குனா வெளிய வந்துரும். வெளிய எடுக்கலன்னா டாங்கியத் தின்னுரும்."

அப்பா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. பல்கலைக்கழகத்தில் அதையே சூத்திரம் போட்டுச் சொன்னார்கள்.

கணக்குப் பார்ப்போம். 30 டிகிரி வெயிலில் ஈரம் முழுதாக ஏறிய ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் தண்ணீர் இருக்கும். தம்பியின் சிலிண்டர் 300 சி.சி. அதை 100 பாரிலிருந்து 250க்கு ஏற்ற சுமார் 45 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அதில் ஒன்றேகால் கிராமுக்கு மேல் தண்ணீர். நாற்பது தடவை அடைத்தால் ஐம்பது கிராம், டீ கிளாஸில் பாதி. அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய அத்தனையும் ஆவியாக நிற்க முடியாமல் நீராகிவிடும். பிரிக்காமல் விட்டால் அது போய்ச் சேரும் இடம் துப்பாக்கியின் சிலிண்டர். வெளியே பளபளப்பு, உள்ளே துரு. 250 பாரைத் தாங்கும் சுவர் உள்ளிருந்தே மெலிந்துகொண்டு வரும், யார் கண்ணுக்கும் தெரியாது.

இண்டியானாவில் பனிக்காலத்தில் பூஜ்யம் டிகிரிக் காற்றில் இதில் ஆறில் ஒரு பங்கு ஈரம்கூட இருக்காது. அதனால் கையேடு எழுதுகிற குளிர்நாட்டுக்காரன் சொல்லும் இடைவெளி நம் ஊர்களுக்குப் போதாது. சென்னை, கொழும்பு மாதிரி கடற்கரை ஊர்களில் இதைப் பயன்படுத்துபவர்கள் தண்ணீரை அடிக்கடி வெளியேற்ற வேண்டும். யந்திரத்தோடு வரும் ஃபில்டர் குப்பியில் பஞ்சும் ஈரம் உறிஞ்சும் குருணையும் இருக்கும். நீலக் குருணை ரோஸ் நிறமானால் அது குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது, மாற்றுங்கள். பஞ்சு நனைந்தாலும் மாற்றுங்கள். இதெல்லாம் சில்லறைச் செலவு.

அடுத்தது எண்ணெய். ஓட்டல்காரனுக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சூடு எங்கே போனால் தீப்பிடிக்கும் என்று கைக்கே தெரியும். காற்றை வேகமாக நசுக்கினால் கொதிக்கும். டீசல் எஞ்ஜினில் தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றுவது இப்படித்தான். கம்ப்ரஸருக்குள்ளோ ஹோஸிலோ துப்பாக்கி வால்விலோ சாதாரண எஞ்ஜின் ஆயில், தையல் மெஷின் எண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே எதையாவது விட்டால் உள்ளேயே பற்றும். ஓ-ரிங்குகளுக்கு சிலிக்கான் கிரீஸ், அதுவும் பட்டும் படாமல். எண்ணெய் ஊற்றும் வகைப் பெரிய யந்திரம் என்றால் அதற்கென்றே விற்கும் சிந்தெடிக் கம்ப்ரஸர் ஆயில்தான். புது யந்திரத்தில் முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்ற வேண்டும், தேய்ந்த உலோகப் பொடி அதில் இருக்கும்.

சூட்டைக் குறைக்க ஒரே வழி ஓய்வு. சின்னப் பெட்டிகள் பதினைந்து இருபது நிமிடம் ஓடினால் ஆறும்வரை நிறுத்துங்கள். அடைத்த சிலிண்டரும் சூடாகத்தான் இருக்கும். ஆறியதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்துவிட்டுக் கசிகிறது என்று பயப்பட வேண்டாம். துப்பாக்கியை எடுத்து வைக்கும்போது கொஞ்சம் காற்று உள்ளேயே இருக்கட்டும், சீல்கள் உட்கார்ந்திருக்கும். தனியாகப் பெரிய கார்பன் ஃபைபர் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக அதன் ஆயுள் பதினைந்து வருடம்.

இன்னொன்று. இந்தக் காற்று மூச்சு விடுவதற்கு அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. யாங்கூன் ஆற்றில் மூழ்கிய கப்பல்களிலிருந்து நிலக்கரியும் பழைய இரும்பும் எடுக்கும் முக்குளிப்பவர்களை எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாய், படகில் ஒரு கம்ப்ரஸர், கலங்கல் தண்ணீரில் கண்ணே தெரியாது. 1608ல் போர்த்துக்கீசியன் டி பிரிட்டோ ஷ்வேடகோனிலிருந்து தன்லியினுக்குக் கொண்டுவரப் பார்த்த தம்மசேதி மணி மூழ்கியதும் அங்கேதான் என்பார்கள். முக்குளிப்பவர்கள் கம்ப்ரஸர் பழுது என்றால் அப்பாவிடம் வருவார்கள். எல்லாம் சரி பார்த்துவிட்டு அப்பா கடைசியாகக் காற்று உறிஞ்சும் வாயை எஞ்ஜின் புகைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக் கட்டிக் கொடுப்பார். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கீழே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஏர்கன் கம்ப்ரஸரில் மூச்சுக்கான ஃபில்டர் கிடையாது. யாராவது முக்குளிப்பு சிலிண்டரை அடைத்துத் தா என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள், நாம் அகதிகள். அமெரிக்க மத்திய சட்டம் ஏர்கன்னைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் நியூ ஜெர்ஸி சேர்க்கிறது. இங்கிலாந்தில் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு வரை உரிமம் வேண்டாம், ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து உரிமம் கட்டாயம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உரிமமில்லாமல் தொட்டால் ஜெயில்தான். சட்டம் அனுமதித்தாலும் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது துப்பாக்கிதான். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த தமிர் ரைஸ் என்ற கறுப்பினச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவனுக்கு வயது 12. அதனால் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: உறையில் போட்டு, காரின் பின்பக்கம் வைத்து, சுடும் மைதானத்தில் மட்டும் எடு.

"உனக்கு எதுக்குடா இது?" என்றும் கேட்டேன்.

அவன் அப்பா 'துமி' வைத்து வேட்டையாடியவர். வாய் வழியாக மருந்து இடிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி. 2021ல் தந்தலாங்கை ராணுவம் கொளுத்தியபோது வீட்டோடு துமியும் போனது. அப்பா இப்போது மிசோரமில், ஒரு முகாமில். "குறி பார்க்கக் கத்துக் கொடுத்தாரு கோஜீ. கை மறந்துரும்னு பயமா இருக்கு" என்றான்.

அதே 2021 ஏப்ரலில் யாங்கூன் தெருக்களில் பையன்கள் குழாயில் செய்த காற்றுத் துப்பாக்கிகளோடு ராணுவத்துக்கு எதிரே நின்ற படங்கள் வந்தன. நான் போனில் அந்தப் படங்களைப் பெரிதாக்கி எங்கள் ஊர் முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எதிரே நின்றவனிடம் இருந்தது நிஜத் துப்பாக்கி. அந்தப் பையன்களுக்குக் காற்றைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. துப்பாக்கி எனக்குப் பிடிக்காமல் போனது அதற்கும் முன்னால். ஆனால் தம்பியின் கை எதை மறக்கக்கூடாது என்று தீர்மானிக்க நான் யார்? என்னால் முடிந்தது அந்தக் கையில் விரல்கள் பத்தும் மிஞ்சும்படி பார்த்துக்கொள்வது.

கையேட்டின் எச்சரிக்கைகளைப் பர்மிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். தமிழில் வேண்டுபவர்களுக்கு இதுதான்:

இணைப்பு பார். அளவை முதலில் வை. பக்கத்திலேயே இரு. தண்ணீரை வெளியேற்று. சூடானால் நிறுத்து. கேஜ் பூஜ்யம் காட்டும்வரை எதையும் கழற்றாதே.