டிடிஎஸ் பேனாவும் ஏழு மீனும்

மொட்டை மாடியில் 200 லிட்டர் டிரம், அதில் பத்து ஜிலேபி மீன், மேலே ஜல்லித் தட்டில் பாலக்கீரை. பி.காம் படிக்கும் பையன் ஒருவன் போட்ட அக்குவாபோனிக்ஸ் இது. தண்ணீரைச் சோதிக்க, பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியான டிடிஎஸ் பேனா வாங்கினான். தினமும் 350 காட்டியது. மூன்றாவது வாரம் ஏழு மீன் செத்து மிதந்தன. பேனாவில் அப்போதும் கிட்டத்தட்ட அதே 350!

பேனா பொய் சொல்லவில்லை மக்களே. கரைந்திருப்பதன் மொத்தத்தைத்தான் அது காட்டும், எதெது என்று பிரித்துச் சொல்லாது. (டிரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கில் தப்பே இல்லை என்றா அர்த்தம்? பி.காம் பையனுக்கு இது தெரிய வேண்டாமா?)

கொன்றது அம்மோனியா. புதுத் தொட்டியில் அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். அம்மோனியாவை அளக்க மலிவான பேனா கிடையாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட்தான். கூடவே பி.எச். பார்க்கணும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அம்மோனியாவில் விஷமான பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 8 ஆனால் சுமார் 5 சதவீதம்.

பி.எச். மீட்டரின் முனை காயவே கூடாது, பஃபர் கரைசலில் அடிக்கடி சரிபார்க்கணும். சோம்பேறிகளுக்கு அதற்கும் சொட்டு கிட்டே போதும்.

பையன் இப்போது இரண்டு கிட்டும் வாங்கிவிட்டான். டிடிஎஸ் பேனா ஆர்.ஓ. தண்ணீர் பார்க்க அவன் அம்மாவிடம் போய்விட்டது.