இன்வெஸ்டர் விசா: எங்க வீட்டுக் கணக்கு

நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

"டாக்டர், குடும்பத்தோட செட்டில் ஆக எந்த நாட்டு இன்வெஸ்டர் விசா நல்லது?" இந்தக் கேள்வியோட கடந்த ஆறு மாசத்தில் பதினஞ்சு பேராவது உள்பெட்டிக்கு வந்துட்டாங்க. பாதிப் பேர் டாக்டர்கள். தனித்தனியா பதில் எழுத முடியல. எங்க வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லிடறேன். உங்க கணக்கை நீங்க போட்டுக்கங்க.

நான் குழந்தைகள் நல மருத்துவர். கொங்குப் பக்கம் ஒரு தாலுகா ஊரில் இருபது வருஷமா சொந்த கிளினிக். வயசு 48. மனைவி அரசு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர். மகள் கல்லூரியில். மகனுக்கு 11 வயசு. அவனுக்கு ஆட்டிசம்.

அடுத்தவங்க பிள்ளைக்கு ஆட்டிசம்னு சொல்ற நாற்காலியில் வருஷக்கணக்கா உட்கார்ந்தவன் நான். என் பையனுக்கு இருக்குன்னு ஒத்துக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு. மனைவி முதல் மாசமே சொல்லிட்டாங்க.

நாலு பள்ளிக்கூடம் மாத்தினோம். நாலாவது பள்ளியில் ரொம்ப மரியாதையா, காபி கொடுத்து, "டி.சி. வாங்கிக்கறீங்களா டாக்டர், மத்த பெற்றோர் கேக்கறாங்க"ன்னு சொன்னாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் பேசலாம். பேசினேன். அந்தப் பள்ளியில் அவனை வெச்சுக்கிட்டாங்க, கடைசி பெஞ்சில். ஒரு வருஷம் முழுக்க ஒரே நோட்டில் ஒரே ஃபேனைத் திரும்பத் திரும்ப வரைஞ்சான். அந்த நோட்டைப் பார்த்த ராத்திரிதான் மனைவி கேட்டாங்க: "ஏங்க, நமக்கப்புறம் இவன் எங்கே இருப்பான்?"

எங்களுக்கு விசாத் தேடல் அங்கேதான் ஆரம்பிச்சது. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, எதுக்காகப் போறோம்னு தெரியாம நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. வரிக்காகப் போறவருக்கும் பிள்ளையோட படிப்புக்காகப் போறவருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுத முடியுமா?

பட்டியலில் இருந்த நாடுகள் ஒவ்வொண்ணா தானாவே கழண்டுகிச்சு. கனடா மத்திய அரசுத் திட்டம் 2014லயே முடிஞ்சது. பிரிட்டன் 2022 பிப்ரவரியில் மூடினாங்க, அயர்லாந்து 2023ல். போர்ச்சுகல் 2023ல் வீடு வாங்கற வழியை எடுத்துட்டாங்க. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் முழுசா நிறுத்திட்டாங்க. துபாய் கோல்டன் விசா 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினா பத்து வருஷம் கிடைக்கும். நல்ல விசாதான். ஆனா அது புதுப்பிச்சுக்கிட்டே இருக்க வேண்டிய இருப்பு, குடியுரிமைக்குப் போற பாதை இல்லை. "நமக்கப்புறம்"ங்கற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

ஆஸ்திரேலியாவை ஏஜென்டுகள் சொல்லாத ஒரு காரணத்துக்காக விட்டோம். அங்கே பல விசாக்களில் குடும்பத்தில் ஒருத்தர் மருத்துவத் தகுதியில் தேறலைன்னா மொத்தக் குடும்பத்துக்கும் விசா இல்லை. தொற்று நோய் மட்டும் பார்க்கறதில்லை. இந்தக் குழந்தையால அரசுக்கு எதிர்காலத்தில் எவ்வளவு செலவாகும்னும் கணக்குப் போடறாங்க. சில விசாக்களில் விலக்கு உண்டு, ஆனா உத்தரவாதம் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோட அங்கேயே வருஷக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்களே இதில் மாட்டியிருக்காங்க. உங்க வீட்டில் சிறப்புக் குழந்தை இருந்தா, முதலீட்டுத் தொகையைக் கேக்கறதுக்கு முன்னாடி மருத்துவ விதியைப் படிங்க.

அமெரிக்காவில் 1975லிருந்து ஒரு சட்டம் இருக்கு. இப்போ அதுக்குப் பேர் ஐ.டி.இ.ஏ. 3 வயசிலிருந்து 21 வயசு வரைக்கும் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பொதுப் பள்ளியில் இலவசமா, அவனுக்கு ஏத்த கல்வி கொடுத்தே ஆகணும். ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் தனித் திட்டம். அங்கே எல்லாப் பள்ளியும் சொர்க்கம்னு நினைக்காதீங்க. வக்கீல் வெச்சுச் சண்டை போடற பெற்றோரும் இருக்காங்க. ஆனா சண்டை போட அவங்க கையில் ஒரு காகிதம் இருக்கு.

அதனால இ.பி.-5.

சுருக்கமா: 2022 மார்ச்சில் வந்த புதுச் சட்டப்படி 10,50,000 டாலர். கிராமப்புறம் அல்லது வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமான பகுதின்னா 8,00,000 டாலர். அந்தப் பணம் அமெரிக்காவில் பத்து பேருக்கு முழுநேர வேலை உண்டாக்கணும். கணவன், மனைவி, 21 வயசுக்குள்ள கல்யாணம் ஆகாத பிள்ளைகள் ஒரே மனுவில். முதல்ல ரெண்டு வருஷத்துக்கு நிபந்தனையோட கிரீன் கார்டு. பத்து வேலை உருவாச்சுன்னு காட்டினாத்தான் நிபந்தனை நீங்கும். காட்ட முடியலைன்னா நாலு பேரும் திரும்ப வேண்டியதுதான். பொதுப் பிரிவில் இந்தியர்களுக்கு நீண்ட வரிசை. கிராமப்புறத் திட்டங்களுக்கு 20% விசா தனி ஒதுக்கீடு, பரிசீலனையிலும் முன்னுரிமை. மகள் 21ஐ நெருங்கிக்கிட்டிருந்தாள். அதனால கிராமப்புறம்.

கோயம்புத்தூரில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போனோம். பனீர் டிக்கா, கோட் போட்ட பையன், "அசலுக்கு நூறு சதவீத கேரன்டி சார்". எனக்கு அங்கேயே பொறி தட்டிச்சு. ஆபரேஷனுக்கு நூறு சதவீத கேரன்டி தர்ற சர்ஜன்கிட்ட உங்க அம்மாவைக் காட்டுவீங்களா? இதில் விஷயம் இன்னும் மோசம். பணம் நிஜமாவே இழப்பு அபாயத்தில் இருக்கணும்னுதான் சட்டமே சொல்லுது. கேரன்டி ஒப்பந்தம் எழுதினா மனுவே செல்லாது. வெர்மான்ட் மாநிலத்தில் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதியைச் சுத்தி நடந்ததைத் தேடிப் படிங்க. பல நாட்டுக் குடும்பங்கள் இதே விசாவுக்காகப் பணம் போட்டாங்க. 2016ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் மோசடி வழக்குப் போட்டது. கட்டறதாச் சொன்ன உயிரித் தொழில்நுட்பக் கூடம் எழும்பவே இல்லை.

இப்போ எனக்கு வலிச்ச பகுதிக்கு வர்றேன்.

பணம் இருந்தாப் போதாது. ஒவ்வொரு டாலரும் எந்த வழியா வந்ததுன்னு காட்டணும். ஏழு வருஷ வருமான வரிக் கணக்கு கேக்கறாங்க. ஒரு சொத்தை வித்து வந்த பணம்னா, அந்தச் சொத்தை வாங்கின பணம் எங்கிருந்து வந்ததுன்னு பின்னாடியே போறாங்க. நான் கிளினிக் இடத்தை விக்கறதா இருந்தேன். 2011ல் வாங்கினது. வக்கீல் அம்மா வீடியோ அழைப்பில் என் பழைய கணக்கைப் பார்த்துட்டு அமைதியாக் கேட்டாங்க: "டாக்டர், அந்த வருஷம் நீங்க காட்டின வருமானம் நாலே முக்கால் லட்சம். இடம் இருபத்தாறு லட்சம். வங்கிக் கடன் பத்து. மீதி?"

மீதி என் மேஜை டிராயரில் விழுந்த நூறு ரூபாய் நோட்டுகள். ரசீது போடாத ஃபீஸ். எல்லாரும் செய்யறதுதானேன்னு நானும் செஞ்சேன். உழைச்ச காசு, ஆனா கணக்கில் இல்லாத காசு. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாங்க. அம்பது கிலோ மருத்துவப் புத்தகம் படிச்சவனுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் வரல.

அந்த மாச ஃபீஸ்லேர்ந்து ரசீது போட ஆரம்பிச்சேன். அது வேற கதை.

கடைசியில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினது மனைவியோட தென்னந்தோப்பு. அவங்க தாத்தா 1962ல் வாங்கினது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், மாமனார் எழுதிக் கொடுத்த தானப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒரு துணிப்பையில் சுருட்டி வெச்சிருந்தாங்க. அவங்க வரிக் கணக்கும் சுத்தம். அரசுச் சம்பளம், வருஷா வருஷம் ஃபார்ம் 16. "உன் சம்பளத்தை வெச்சு என்ன பண்ண"ன்னு நான் கேலி பண்ணின அதே சம்பளம். மனு அவங்க பேரில்தான் போச்சு. நான் அதில் சார்ந்திருக்கும் கணவன்.

விக்கறதும் லேசா நடக்கல. முதல் ரெண்டு பேரும் "வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மிச்சம் ரொக்கமா"ன்னாங்க. நமக்கு முழுத் தொகையும் வங்கி வழியாத்தான் வரணும். எட்டு மாசம் கழிச்சு, சந்தை விலையில் நாப்பது லட்சம் குறைச்சுத்தான் வித்தோம். பதிவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பையனைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒவ்வொரு மரத்தையும் தொட்டு எண்ணினான். இருநூத்திப் பன்னெண்டு. இப்பவும் தூங்கப் போகும்போது அந்த எண்ணைச் சொல்றான்.

பணம் அனுப்ப ஒரு நடைமுறைக் குறிப்பு: ஒருத்தர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். அதனால 2025 மார்ச் கடைசியில் மனைவி ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. ஏப்ரல் பிறந்ததும் மனைவி மறுபடி ஒரு பங்கு, மீதி 50,000 நான். என் கணக்குக்கு வந்த பணம் மனைவி எனக்குப் பரிசாக் கொடுத்தது, அதுக்கும் பத்திரம். வரம்புக்கு மேல 20% டி.சி.எஸ். பிடிப்பாங்க. எங்களுக்கு அது மட்டும் ஒரு கோடி முப்பது லட்சம் பக்கம். வரித் தாக்கலில் சரிக்கட்டிக்கலாம், ஆனா அதுவரை அந்தப் பணமும் கையில் இருக்கணும். திட்ட நிர்வாகக் கட்டணம், வக்கீல் கட்டணம் தனி. இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லல.

டாக்டர்கள் கவனிங்க. கிரீன் கார்டு வேற, மருத்துவ உரிமம் வேற. கையில் கிரீன் கார்டு இருந்தாலும் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதணும், ரெசிடென்சி பண்ணணும். குழந்தை மருத்துவத்துக்கு மூணு வருஷம். சில மாநிலங்கள் வெளிநாட்டு மருத்துவர்களுக்குச் சலுகை கொண்டு வந்திருக்காங்க, அதை நம்பி மூட்டை கட்டாதீங்க. மனைவி அங்கே மயக்க மருந்து கொடுக்கப் போறதில்லை. 46 வயசில், இருபது வருஷ அனுபவத்தை மடிச்சு வெச்சுட்டுப் போறாங்க. "எனக்குத் தெரிஞ்சுதாங்க கையெழுத்துப் போடறேன்"னு சொன்னாங்க.

அப்புறம் அம்மா. 76 வயசு. சர்க்கரை, ரெண்டு முழங்காலும் தேய்மானம். இந்த விசாவில் பெத்தவங்களுக்கு இடம் கிடையாது. பிள்ளை அமெரிக்கக் குடிமகன் ஆனாத்தான் அழைக்க முடியும், கிரீன் கார்டு வாங்கி குறைஞ்சது அஞ்சு வருஷம். விசிட்டர் விசாவில் வந்து போகலாம். ஆனா பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கற நோய்க்குப் பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது. அதையும் ஒரு டாக்டர் மகன் தெரிஞ்சுக்கிட்டேதான் அழைக்கணும்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் காகிதம் பரப்பி மனைவியோட பேசிக்கிட்டிருந்தேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாங்க: "என்னைக் கணக்குல சேத்தீங்களா கண்ணு?"

நான் பொய் சொல்லல. "இல்லீங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன்"னேன்.

அதுதான் முடிவு. விசா வந்தா மனைவியும் பிள்ளைகளும் முதல்ல போவாங்க. பின்னாடி சேர்ந்துக்கறதுக்குச் சட்டத்தில் இடம் இருக்கு, நான் அப்போ போவேன். கார்டு வாங்கிட்டு இங்கேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்தா கார்டே போயிடும். தவிர, வாங்கின நாளிலிருந்து கிளினிக் வருமானத்துக்கும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டணும். அதனால நான் வாங்காமலே இருக்கறதுதான் இப்போதைக்குச் சரி.

மனு போட்டு ஒன்பது மாசம் ஆச்சு. பதில் இன்னும் வரல. மகளுக்கு 21 முடிஞ்சிடுச்சு. மனு நிலுவையில் இருக்கற காலத்தை வயசிலிருந்து கழிப்பாங்க, அதனால தப்பிப்பாள். பையன் வீடியோ அழைப்பில் அப்பா முகத்தைப் பார்க்கப் பழகணும்னு இப்பவே தினமும் கிளினிக்கிலிருந்து சாயங்காலம் அஞ்சு நிமிஷம் பேசறேன். நேத்து மூணு நிமிஷம் இருந்தான். போன வாரம் நாப்பது செகண்ட்.

கேள்வி இருந்தா கேளுங்க, ஓ.பி. முடிஞ்சு ராத்திரி பதில் சொல்றேன். ஏஜென்ட் பேர் மட்டும் கேக்காதீங்க.