கடலையும் வெல்லமும்

பிரயாணம் என்றால் கட்டுச்சாதம் என்பது நம் ரத்தத்தில் ஊறிய விஷயம். நாலு மணி நேர ரயிலுக்கும் புளியோதரை, தயிர்சாதம், டப்பா நிறைய முறுக்கு என்று கிளம்பிவிடுவோம். ரத்தத்தில் சர்க்கரையும் ஊறிவிட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, நம் தேசத்தில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. பஸ்ஸில் உங்கள் பக்கத்து ஸீட்டுக்காரரும் எங்கள் அத்திம்பேரின் ஜாதியாக இருக்கலாம்.

அத்திம்பேருக்குச் சிதம்பரம். ஸ்வீட்டைத் துறந்துவிட்டு முறுக்கில் இறங்கியவர். "காரந்தானே!" என்பார். முறுக்கு நாக்குக்குத்தான் காரம். உள்ளே போனால் அரிசி மாவும் சர்க்கரைதான். என் தமக்கை இதைப் புரியவைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. பிறகு மனுஷர் அடியோடு மாறினார். வெளியூர் என்றால் பையில் வறுத்த வேர்க்கடலை, வெள்ளரிப் பிஞ்சு, மோர், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். சுண்டலில் தேங்காய் கூடாது. வெயிலில் மத்தியானத்துக்குள் ஊசிவிடும். பண்ணுருட்டி முந்திரியைக்கூடத் தள்ளிவிட்டார். 100 கிராம் முந்திரியில் மாவுச்சத்து சுமார் 30 கிராம். வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதிதான். ஏழையின் பண்டம் ஜெயித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமே.

போன வருஷம் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்த நாளில் அந்த ஊர்க் கூட்டம் தெரியுமல்லவா? எந்த மாப்பிள்ளை யாருடைய மாப்பிள்ளை என்று கண்டுபிடிப்பதே பாடு. அத்திம்பேர் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். டிபன் பந்தியில் பொங்கலும் கேசரியும். "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து, ஒரு பிடி கடலையை மென்றுகொண்டே ஔஷதகிரியில் ஏறினார், ஹயக்ரீவரைச் சேவிக்க. சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஐதிகம் உள்ள குன்று அது.

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. "பஸ் வந்துடுத்தா?" என்று கேட்டார். தமக்கை பதறிப்போய்க் கடலையை நீட்டினாள். கடலையின் கொழுப்பும் புரதமும் நிதானமாய்ச் செரிப்பவை. அந்த நேரத்துக்கு உதவாது. அவள் மகளுக்கு அது தெரிந்திருந்தது. சேஷ தீர்த்தத்தில் போட வாங்கிய உப்பு, மிளகு, வெல்லப் பொட்டலத்தைப் பிரித்து, வெல்லத்தை உடைத்து அப்பா வாயில் போட்டாள்.

"பெருமாளுக்குன்னு வாங்கினதுடீ!"

"அவருக்கு வேற வாங்கிக்கலாம்மா. அப்பா, மென்னு முழுங்குங்கோ."

கால் மணியில் முகம் தெளிந்தது. எனக்கு அந்தக் கால் மணி கால் யுகம்.

கடலூர் டாக்டர் பிறகு விளக்கினார். அந்த வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்குமாம். மாவுச்சத்தைக் குறைப்பவர் மாத்திரை அளவையும் வைத்தியரிடம் பேசியாக வேண்டும். மயக்கம் வரும்போல் இருந்தால் 15 கிராம் சர்க்கரை. 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் போடக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இப்போது அத்திம்பேர் பையில் கடலை டப்பாவுடன் ஒரு சின்ன வெல்ல டப்பாவும் போகிறது. அதைப் பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முன்னால் வெல்லம் குறைந்திருக்கிறது. அத்திம்பேர்மேல்தான் தமக்கைக்குச் சந்தேகம்.