வழித்துணை

தனியே செல்லும் பயணம் வேறு. பலர் கூடிச் செல்லும் பயணம் வேறு. தனிவழி நடப்பவன் தன் கால்களை நம்பினால் போதும். கூட்டத்தோடு செல்பவனோ, உடன் வருவோர் உள்ளத்தையும் நம்புதல் வேண்டும்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இக்காலத்தில் இத்தகைய கூட்டுப் பயணங்கள் பல நடைபெறுகின்றன. ஒருவரையொருவர் முன்பு அறியாத பலர் ஒரு பெரிய வண்டியில் ஏறிக் கேப் டவுன் நகரினின்றும் புறப்படுவர். நமீபியாவின் மணற்குன்றுகளையும் போட்சுவானாவின் சதுப்பு நிலங்களையும் கடந்து, சாம்பசி ஆறு வீழும் விக்டோரியா அருவியை அடைவர். எட்டோசாக் காட்டின் நீர்நிலைகளில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நீர் பருகும் காட்சியைக் கண்டு களிப்பர். பொழுது சாய்ந்ததும் கூடாரம் அடித்துத் தங்குவர். இவ்வகைப் பயணங்கள் பலவற்றில் அவரவர் கூடாரத்தை அவரவரே அடித்தல் வேண்டும். சமைத்தலும் கலம் கழுவுதலும் முறைவைத்து நிகழும். ஊரில் உயர்ந்த பதவி வகிப்பவர்க்கும் இதில் விலக்கு இல்லை. நெடுவழியில் அனைவரும் நிகர் என்பதே இதன் பொருள்.

இவ்வுண்மையை உயிரைப் பணயமாக வைத்துக் கற்ற ஒரு கூட்டம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் செஞ்சியை நாடி வந்தது.

1689ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மராட்டிய மன்னர் சம்பாசியை ஔரங்கசீப் கொல்வித்தார். அவர் தம்பி இராசாராமுக்கு அப்பொழுது வயது 19. முகலாயப் படைகள் மராட்டியக் கோட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்தன. தந்தையார் சிவாசி 1677இல் கைப்பற்றிய செஞ்சிக் கோட்டையே இனிப் புகலிடம் எனத் துணிந்தார் இராசாராம். செப்டம்பர் திங்களில், நம்பிக்கைக்குரிய சிலருடன் பன்ஹாலாக் கோட்டையை விட்டுப் புறப்பட்டார். இடையே 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. வழியெங்கும் பகைவர் காவல். ஆதலின் அனைவரும் வீரசைவ யாத்திரிகர் வேடம் பூண்டனர். கெளதி நாட்டு அரசி சென்னம்மா, பேரரசின் சினத்திற்கு அஞ்சாது அவர்கட்கு வழிவிட்டு உதவினார்.

பெங்களூரில் அவர்கள் தங்கியபொழுது நிகழ்ந்ததை மராட்டிய வரலாற்றாசிரியர் கூறுவர். நடந்து களைத்த இராசாராமின் கால்களை, உடன் வந்த பணியாளர் வெந்நீரால் கழுவினர். அரண்மனையில் நாள்தோறும் செய்த பணிவிடைதான் அது, அன்பினால் செய்ததுதான். ஆயினும் அருகிருந்தோர் அதனைக் கண்டு ஐயுற்றனர். ‘யாத்திரிகனுக்கு இத்துணைப் பணிவிடையா? இவன் பெரிய இடத்துப் பிள்ளையே’ எனத் தமக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டனர். அம்மொழி அறிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தமையால் இடர் வருவது முன்னரே தெரிந்தது. வேடம் மறைத்த உயர்வைச் சிறிது வெந்நீர் வெளிப்படுத்திவிட்டது!

இனி அனைவரும் ஓடினால் அனைவரும் அகப்படுவர். கண்டோ பல்லாளர் என்னும் அலுவலர், ‘நாங்கள் சிலர் இங்கேயே இருப்போம், நீங்கள் வேறு வழியாகச் செல்லுங்கள்’ என்று துணிந்தார். இராசாராம் சிலருடன் இருளில் மறைந்தார். காவலர் வந்து, எஞ்சியோரைப் பற்றிச் சென்றனர், அடித்தனர், பலவாறு வதைத்தனர். ‘யாம் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்’ என்பது போன்ற ஒரே விடையன்றி வேறொரு சொல் அவர்கள் வாயினின்றும் வரவில்லை. ஒருவர் நா தளர்ந்திருப்பினும் அனைத்தும் அழிந்திருக்கும். இறுதியில், இவர்கள் யாத்திரிகரே என நம்பிக் காவலர் விடுவித்தனர்.

இராசாராம் வேலூர் வழியாக நவம்பர் திங்களில் செஞ்சியை அடைந்தார். வதைபட்டோரும் பின்னர் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டே முகலாயர் கோட்டையை முற்றுகையிட்டனர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்த அக்கோட்டை எட்டு ஆண்டுகள் தாங்கி நின்று, 1698இல் வீழ்ந்தது. அதற்கு முன்னரே இராசாராம் தப்பிச் சென்றார். அதற்கு முகலாயர் பாசறையிலிருந்த மராட்டியத் தலைவர் ஒருவரின் உதவி வேண்டியிருந்தது. அவர் விலையாகக் கேட்ட தம் பரம்பரை நில உரிமையைத் தயங்காது விட்டுக்கொடுத்தவரும் அதே கண்டோ பல்லாளரே என்பர்.

2025ஆம் ஆண்டில், மராட்டியர் போர் அரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியும் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று இராசகிரிப் படிகளில் மாணவர் கூட்டம் கூட்டமாக ஏறுகின்றனர். சுமார் 800 அடி உயரம்; உச்சிக்கு அருகில் ஆழ்ந்த பிளவு ஒன்றைப் பாலத்தால் கடத்தல் வேண்டும். விரைந்து ஏறும் மாணவன் ஒருவன், பின்தங்கிய தோழனுக்காகப் படியில் அமர்ந்து காத்திருக்கிறான். தன் குடுவையில் எஞ்சிய நீரை அவனுக்கு அளிக்கிறான். அவன் கண்டோ பல்லாளரை அறிந்திருக்கமாட்டான். ஆயினும் அவர் நடந்த வழியிலேயே அவனும் நடக்கிறான்.