அடகுக்குப் போகாத தோடு

மகனை போலீஸ் அழைத்துப்போன இரவு, மலைக்கோட்டை அடிவாரத்தில் பூ விற்கும் அந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் தோட்டைக் கழற்றி அடகுக்கடைக்குக் கிளம்பினார், வக்கீல் ஃபீஸுக்கு.

வழியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் நிறுத்தினார். ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர்.

“பதறாதீங்கம்மா. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அரசியல் சாசனத்தோட 22-வது பிரிவு அது. அமெரிக்கப் படத்துல வர்ற ஜூரியெல்லாம் இங்கே இல்லை, நீதிபதிதான். வழக்கைப் பொறுத்து 60 இல்ல 90 நாள்ல குற்றப்பத்திரிகை வரலைன்னா, ஜாமீன் கேட்கிறது உரிமை.”

“வக்கீலுக்குப் பணம்?”

“காவல்ல இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க. 15100-க்கும் போன் பண்ணலாம்.”

அம்மா தோட்டை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு, கோர்ட்டுக்குப் பஸ் ஏறினார்.