கால்குலேட்டர் இல்லாத வேதியியல்

நீட் தேர்வில் கால்குலேட்டருக்கு இடமில்லை. 2025-இல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். அதற்காக விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வேதியியல் கணக்குகளை விட்டுவிட வேண்டியதில்லை. பெரும்பாலானவை பெருக்கல் திறமையைச் சோதிப்பவை அல்ல. கந்தக அமிலத்தின் மூலக்கூறு நிறை 98 என்று தெரிந்தால், 4.9 கிராம் என்பது 0.05 மோல் என்று உடனே பிடிபடும். 2-இன் மடக்கை 0.30, 3-இன் மடக்கை 0.48, இவ்விரண்டும் மனத்தில் இருந்தால் 4, 5, 6, 8, 9 எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிடும். 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 3-இல் 0.30 போக 2.70, அவ்வளவுதான்.

தோராயமாகப் போட்டால் விடை தவறி ஒரு மதிப்பெண் கழியாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் நான்கு விடைகளையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன்: அவை தள்ளி நின்றால் தோராயம் போதும், நெருங்கி நின்றால் முழுதாகப் போட வேண்டும். தம்பி தங்கைகளே, இன்றைய வீட்டுக்கணக்கைக் கைபேசியைத் தொடாமல் போட்டுப் பாருங்கள்.